கூரைக்கு '10 வருஷ கேரண்டி' என்று வருகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்: எங்கள் 11,400 வெள்ளி போய்விட்டது

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நேற்று இரவு அந்தக் கூரைக்காரர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "இயற்கைச் சீற்றத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. மறுபடி வந்து பார்க்கக் கட்டணம் உண்டு." அவ்வளவுதான். 11,400 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்டவர்கள் அனுப்பிய பதில் இது. தரைவீட்டில் (அடுக்குமாடியில் அல்லாமல் சொந்தக் கூரையுள்ள வீட்டில்) இருக்கிறவர்கள், அதிலும் பெற்றோர் காலத்து வீட்டில் இருக்கிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம், வரிசை வீடு. அப்பா 1980களில் வாங்கியது. சாய்வான கூரை, சிமெண்ட் ஓடு. போன அக்டோபரில் மாடி அறை சீலிங்கில் தேநீர் சிந்தியதுபோல் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. டிசம்பர், ஜனவரி வந்தால் இங்கே மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் பெய்த பருவமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாதத்துக்கான மழை சில நாள்களிலேயே பெய்து தீர்த்தது. அதற்குள் கூரையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று, வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கைப்பேசிச் செயலியில் தேடினோம். பெயரை இங்கே போடவில்லை. "சரிபார்க்கப்பட்ட நிறுவனம்" என்று பச்சை முத்திரை, ஐந்து நட்சத்திரம், இலவசப் பரிசோதனை, எல்லாம் இருந்தது.

வந்தவர் தமிழர். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு "வணக்கம்மா" என்று அம்மாவைக் கும்பிட்டார். அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. வீட்டுக்கு வரும் வேலையாள்களிடம் அரைகுறை மலாயிலும் கைஜாடையிலும் பேசியே பழகியவர். ஒரு பையன் வந்து தமிழில் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தானே எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தார். அந்த ஆள் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தார். "ஐயா சம்பாதிச்ச வீடும்மா இது. நாங்க பார்த்துக்கிறோம். நானும் உங்க பிள்ளை மாதிரிதான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏமாற்றுகிறவன் பணத்தோடு போகட்டும். எண்பது வயது அம்மாவிடம் பிள்ளை என்று ஏன் சொல்ல வேண்டும்? அம்மா இன்றும் "அந்தத் தம்பி அப்படிச் செய்திருக்காது, முதலாளிதான் ஏமாத்தியிருப்பான்" என்கிறார்.

அந்த ஆள் ஏணி போட்டு மேலே ஏறினார், சீக்கிரமே இறங்கிவிட்டார். கைப்பேசியில் உடைந்த ஓடுகளின் படங்களை மளமளவென்று தள்ளித் தள்ளிக் காட்டினார். "கூரை முழுக்க விரிசல்க்கா. இப்ப விட்டா சீலிங்கே இறங்கிடும்." தீர்வு என்று அவர் சொன்னது ஒரு பூச்சு. ஓடுகளின் மேல் முழுக்க அடித்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காதாம். வண்ணப் புத்தகம் ஒன்றை நீட்டினார். "ஐரோப்பாவில் தயாரிச்சது. பனி கொட்டுற ஊர்லயே இருபது வருஷம் நிக்குது. நம்ம ஊர்ல பனியே இல்லை, அதனால இன்னும் கூடுதலா உழைக்கும்க்கா." விலை 14,800 வெள்ளி. இன்றே முன்பணம் கட்டினால் 11,400. பத்து வருஷத்துக்கு எழுத்துப்பூர்வமான கேரண்டி. 5,700 வெள்ளியை அங்கேயே பேநவ் (கைப்பேசியில் வங்கிப் பணம் அனுப்பும் முறை) மூலம் அனுப்பச் சொன்னார், அனுப்பினோம்.

அந்தப் பனிப் பேச்சு எவ்வளவு பெரிய புளுகு என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குளிர்நாட்டில் கூரையைக் கெடுப்பது உறைபனி. ஓட்டின் நுண்துளைகளில் ஊறிய தண்ணீர் இரவில் உறைந்து விரிகிறது, பகலில் உருகுகிறது. இப்படி விரிந்து விரிந்தே ஓடு வெடிக்கிறது. நமக்கு அந்த எதிரி இல்லை என்பது உண்மைதான். நம் எதிரிகள் வேறு. நில நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். வருஷம் முழுக்க சூரியன் உச்சிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அங்கே குளிர்காலத்தில் வெயில் தணிந்து கூரைக்கு ஓய்வு கிடைக்கும், இங்கே அப்படி ஒரு காலமே கிடையாது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 பாகை செல்சியஸ் பதிவானது. அது நிழலில் காற்றின் வெப்பம். நேர்வெயிலில் கிடக்கும் கருநிறக் கூரை 60 பாகையைத் தாண்டிவிடும். அப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று மணிக்கு இடியோடு மழை இறங்கும். சுட்டது சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மறுநாளும் இதேதான். புற ஊதாக் கதிர் எந்தப் பூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்புப் பொடியாக்கிவிடும். ஈரக்காற்றில் பாசி பிடிக்கும். ஆக, பனிநாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே இத்தனை வருஷம் நிற்கும் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

வேலை நவம்பர் நடுவில் நடந்தது. விடியற்காலை மழை பெய்து ஓடெல்லாம் ஈரமாக இருந்தது. "காய வேண்டாமா?" என்று கேட்டேன். "இது ஈரத்துலயே பிடிக்கிற மருந்துக்கா" என்றார். வேலைக்கு வந்த பையன்கள் இடுப்பில் பாதுகாப்பு வார்கூட இல்லாமல் வழுக்கும் ஓட்டில் நடந்தார்கள். பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. சாயங்காலத்துக்குள் அடித்து முடித்துவிட்டார்கள். கீழிருந்து பார்க்கக் கூரை புதிதாகப் பளபளத்தது. மீதி 5,700 வெள்ளியையும் வாங்கிக்கொண்டார்கள். பணம் கைமாறிய பிறகு, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பையன் என்னிடம் மெதுவாக, "அக்கா, இது மொட்டைமாடிக்கு அடிக்கிற பூச்சு" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

டிசம்பரில் முதல் பெருமழையிலேயே பழைய இடம் ஒழுகியது. அதோடு, அதுவரை ஒரு சொட்டும் விழாத முன்னறையும் ஒழுகியது. அம்மா படுக்கும் அறை அது.

அதற்குப் பிறகு கிடைத்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன், இதே வார்த்தைகள் உங்களுக்கும் வரலாம். முதலில் "டெக்னீஷியன் லீவில் இருக்கிறார்." அப்புறம் "மழையில் மேலே ஏறக்கூடாது, மழை விட்டதும் வருகிறோம்." மழை விட்டதும் கூப்பிட்டால், "இப்போது ஒழுகவில்லையே, ஒழுகும்போது சொல்லுங்கள், அப்போதுதான் இடம் தெரியும்." மறுபடி மழை, மறுபடி அதே பதில். "உங்க பிள்ளை மாதிரி" என்று சொன்னவர் வாட்ஸ்அப்பில் பார்க்கிறார், நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. அலுவலக எண்ணை எடுத்த பெண்மணி, அவர் இப்போது அந்தப் பிரிவில் இல்லை என்றார். கடைசியில் முதலாளி என்று ஒருவர் பேசினார். "பருவநிலை மாறிப்போச்சு மேடம், இந்த மாதிரி மழையை யார் எதிர்பார்த்தா?" என்றார். கேரண்டித் தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், கடும் வானிலையால் வரும் சேதம் இதில் அடங்காது என்று இருக்கிறதாம். 3,200 வெள்ளி கட்டினால் இன்னொரு பூச்சு அடித்துத் தருவாராம்!

சிங்கப்பூரில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கிட்டத்தட்ட ஆண்டில் பாதி நாள் மழை நாள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா காற்று வேறு மழையைப் பக்கவாட்டில் அடிக்கும். இந்த ஊரில் கூரை வேலை செய்கிறவர் மழையை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அதை ஒத்துக்கொள்ளவே கூடாது. வெயிலையும் மழையையும் விலக்கிவிட்டுக் கூரைக்கு எதற்குக் கேரண்டி?

செயலிக்காரர்களிடம் முறையிட்டோம். "நாங்கள் இரு தரப்பையும் அறிமுகப்படுத்துவதோடு சரி, ஒப்பந்தம் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில்" என்று பதில். நான் எழுதிய ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை விதிமுறைக்கு உட்படவில்லை என்று எடுத்துவிட்டார்கள். பச்சை முத்திரை இன்னும் இருக்கிறது.

கூரை விரிசலுக்கு ஆதாரம் கேட்டபோது முதலாளி அனுப்பிய படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு மூலையில் சூரியத்தகடு தெரிகிறது. எங்கள் கூரையில் சூரியத்தகடு கிடையாது, இரண்டு பக்கத்து வீட்டிலும் கிடையாது. அது எங்கள் வீடே இல்லை.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் பழைய ஓட்டு வேலைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். வாழ்நாள் முழுக்க ஓடு மாற்றியே பிழைத்த பெரியவர். அந்த அங்கிள் வந்ததும் ஓட்டின் மேற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நாலைந்து ஓட்டைத் தூக்கி அடியில் பார்த்தார், என்னையும் ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஓடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு சரிவும் கூடும் பள்ளத்தில் தண்ணீர் ஓடுவதற்குப் போட்ட தகரம், இலைச்சருகு தேங்கித் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. ஓட்டுக்கு அடியில் விரித்த தாள், சூட்டில் வறண்டு, கை வைத்தால் உதிர்ந்தது. முகட்டு ஓடுகளைப் பிடித்திருந்த சிமெண்ட் கலவை வெடித்திருந்தது. இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் ஓடு அவ்வளவு சீக்கிரம் போகாது, முதலில் போவது இவைதான் என்றார். தகடு போட்ட கூரையாக இருந்தால் ஆணிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் முதலில் இறுகிப் பிளந்துவிடுமாம்.

முன்னறை ஏன் ஒழுகியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதே, உள்ளே புகுந்த கொஞ்சம் தண்ணீரும் வழிந்து வெளியே போய்விட வேண்டும் என்பதற்காக. அடியில் காற்று போய்வரவும் அந்த இடைவெளி வேண்டும். இவர்கள் அடித்த பூச்சு அதைத்தான் அடைத்துவிட்டது. முகட்டு வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மரச்சட்டங்களில் தேங்கி முன்னறைக்கு இறங்கியிருக்கிறது. ஈரத்தில் அடித்த பூச்சோ அதற்குள் கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. பள்ளத் தகரத்தையும் முகட்டையும் மட்டும் முதலில் மாற்றியிருந்தால் இந்த 11,400 வெள்ளியில் சிறு பகுதிகூட ஆகியிருக்காது. இப்போது நனைந்த சட்டங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சரி, சொன்னபடி எச்சரிக்கை. வேலை இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன். ஓட்டைத் தூக்கி அடியில் பார்க்காமல் விலை சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். கூரைப் படம் என்றால் உங்கள் வீடு அடையாளம் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்றால் கதவைச் சாத்துங்கள். கேரண்டித் தாளின் பின்பக்கத்தில் வானிலை என்ற சொல் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே தேடுங்கள். மீதிப் பணத்தை ஒரு பெருமழை பார்த்த பிறகு தருவதாக எழுதி வாங்குங்கள். வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) வீட்டில் மேல்மாடியில் இருக்கிறவர்களிடமும் இப்படி ஆள்கள் கதவைத் தட்டலாம். புளோக்கின் கூரையைப் பராமரிப்பது நகர மன்றம், நீங்கள் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

நாங்கள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடுகிறோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. இணையத்திலேயே மனு கொடுக்கலாம். கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி பூச்சு அடித்துக்கொண்டு ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீது, பேநவ் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். மனு போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். "மழை விடட்டும், வருகிறோம்" என்று அவர்கள் இழுப்பது அந்தக் கணக்கில்தான் போகிறது.