முதல் விமானம்: ஃபோமா, பால்சா மரமா?

ரிமோட் விமானம் பழக வருகிற எல்லோரும் கேட்பது, "எது நல்லா பறக்கும்?" விழுந்தால் எது சீக்கிரம் மறுபடி எழும் என்றுதான் கேட்க வேண்டும். முதல் மாதத்தில் விழாத ஆளை நான் பார்த்ததில்லை.

பால்சா என்ற இலேசான மரத்தில் செய்து, எரிபொருளில் ஓடும் குட்டி குளோ இன்ஜின் பூட்டிய டிரெய்னரில்தான், அதாவது பழகுவதற்கான விமானத்தில்தான், நான் பழகினேன். ஒன்றரை மீட்டர் இறக்கை, இரண்டு கிலோவுக்கு மேல் எடை. காற்றடித்தாலும் அசராது, அந்தச் சத்தத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலவை. ஒவ்வொரு முறை பறந்து வந்ததும் வால் வரை எண்ணெய் வழிந்திருக்கும், துடைத்துத் துடைத்து சலித்துப்போகும். எரிபொருள் அளவை மாற்றும் நீடில் வால்வைத் திருகிச் சரிபார்ப்பதிலேயே பாதிக் காலை போய்விடும். மூன்றாம் நாள் மூக்கால் குத்தியது. முன்பக்கப் பலகை பிளந்து, இறக்கையின் ரிப்புகள் (குறுக்குச் சட்டங்கள்) நொறுங்கி, இரண்டு வாரம் பசையும் ரம்பமுமாக உட்கார்ந்தேன். அந்த இரண்டு வாரத்தில் கைப்பழக்கமும் போய்விட்டது.

அதே குத்து, ஈபிஓ என்ற நெளிந்து கொடுக்கும் ஃபோமில் செய்த விமானத்துக்கு விழுந்திருந்தால்? நசுங்கிய மூக்கில் கொதிநீர் ஊற்றினால் ஓரளவு உப்பி வரும். உடைந்த இடத்தில் சூப்பர் குளூ, மேலே ஒரு டேப். அரைமணியில் மீண்டும் களத்தில். (பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மகோலில் செய்த விமானத்தில் சாதாரண சூப்பர் குளூ வைத்துவிடாதீர்கள், கரைந்துவிடும்.) மோட்டார், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, இணைத்ததும் கிளம்பலாம். காற்று பலமாக அடித்தால் மட்டும் இதற்குத் தள்ளாட்டம்.

லிப்போவுக்கும் தொல்லை உண்டு. செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.5க்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது, சும்மா வைக்கும்போது 3.8. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது. இருந்தாலும் என் ஓட்டு ஃபோமுக்குத்தான்.

மூன்று சேனலா, நான்கா? (சேனல் என்றால் ரிமோட்டிலிருந்து தனியாக இயக்கும் ஒரு கட்டுப்பாடு.) மூன்று சேனலில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் மடல்கள் இல்லை; மேல்நோக்கி வளைந்த இறக்கை தானே சமநிலைக்கு வந்துவிடும். எளிதுதான், ஆனால் சீக்கிரம் புளித்துவிடும். இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்த நான்கு சேனல் விமானமே போதும். போர்விமானத் தோற்றத்தில் மயங்காதீர்கள்; தாழ்ந்த இறக்கை, வேகமும் அதிகம், தவறு செய்தால் மன்னிக்காது.

தள்ளாட்டத்தைத் தானே சமன்செய்யும் கைரோ இருப்பது முதல் சில நாளைக்கு நல்லது. அதை அணைக்காமலே ஓட்டினால் விரல் எதையும் கற்காது. விரல் கற்க வேண்டிய கஷ்டமான பாடம், விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடுவது. தாழ்கிற இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல அதே பக்கம் ரிமோட் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். சிமுலேட்டரில் இதை நூறு முறை செய்யலாம், பசை செலவில்லை.

எல்லாம் சேர்ந்த ரெடி டு ஃப்ளை பெட்டியா, ரிமோட் தனியாகவா? தனி ரிமோட்தான் என் யோசனை. விமானங்கள் உடையும், ரிமோட் அடுத்தடுத்த விமானத்துக்கும் வரும். வாங்குமுன் உங்களுக்குக் கற்றுத்தருபவரின் ரிமோட்டைப் பாருங்கள். த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) இடப்பக்கம் என்றால் மோடு 2, வலப்பக்கம் என்றால் மோடு 1. அவருடையது எதுவோ அதையே வாங்குங்கள், விமானம் தலைகீழாக வரும்போது "அண்ணா, பிடிங்க!" என்று அவர் கையில் திணிக்க வேண்டியிருக்கும்.