ஃப்ளூ ஊசி: பெட்டியில் இருக்கும் வைரஸும் ஊரில் சுற்றும் வைரஸும்

ஃப்ளூ ஊசி வாங்கும்போது கம்பெனி பெயரைவிட முக்கியம், பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் வைரஸ் பெயர்கள். 2025-26க்கான வடகோளப் (பூமியின் வடபாதிக்கான) பெட்டியில் ‘ஏ/குரோவேஷியா/10136ஆர்வி/2023 (எச்3என்2)’ என்றிருக்கும். வைரஸ் வகை, கிடைத்த இடம், ஆய்வக எண், ஆண்டு, அடைப்புக்குறிக்குள் துணைவகை என்று வரிசையாகப் படிக்க வேண்டும். 2023இல் எடுத்த வைரஸைக் காட்டி, 2025 கடைசியில் வரப்போகும் வைரஸுக்கு உடம்பைத் தயார்செய்கிறோம். இந்தச் சரக்கின் பலவீனம் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

ஊசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் ரகங்களை உலக சுகாதார நிறுவனம் வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும் சொல்கிறது. தயாரித்து முடிக்க ஆறு மாதம் போல ஆகும். வைரஸ் அதுவரை சும்மா இருக்காது. 2025இல் ரகம் முடிவான பிறகுதான் எச்3என்2வின் ‘கே’ கிளை, வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளுட்டினின் புரதத்தில் ஏழு மாற்றங்களோடு கிளம்பியது. அதோடு ஊசி தோற்றுப்போய்விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவு நோய் முற்றுவதைக் குழந்தைகளிடம் 70-75 சதவீதமும் பெரியவர்களிடம் 30-40 சதவீதமும் தடுத்தது என்று பிரிட்டனின் ஆரம்பக் கணக்கு சொன்னது. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேதான். அந்த 75ஐ ஊசியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மோசமான ஆண்டுகளில் ஒன்று 2014-15. உருமாறிய எச்3என்2 பரவி, அமெரிக்காவில் மொத்தப் பலன் 19 சதவீதத்தில் நின்றது. ரகம் பொருந்திய ஆண்டுகளில் 40-60 வரும்.

40 சதவீதம் என்றால் ஊசி போட்ட நூறு பேரில் அறுபது பேர் படுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. போடாத நூறு பேரில் பத்துப் பேருக்கு வருமானால், போட்ட நூறு பேரில் ஆறு பேருக்கு வரும், அவ்வளவுதான்.

எல்லாப் பழியையும் உருமாற்றத்தின் மேல் போடுவதும் சரியில்லை, கோழிமுட்டைக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான ஊசிகளுக்கான வைரஸ் கரு வளரும் முட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. முட்டைக்குள் பிழைக்க வைரஸ் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. 2016-17இல் ஊரில் பரவிய எச்3என்2வின் ஹீமக்ளுட்டினினில் 160ஆம் இடத்து மாற்றத்தால் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருந்தது. முட்டையில் வளர்ந்த ஊசி வைரஸ் அதை உதிர்த்துவிட்டது. ஊசியால் உடம்பில் உருவான ஆன்டிபாடிகள் (வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள்), சர்க்கரை மூடிய அசல் வைரஸைச் சரியாகப் பிடிக்க முடியாமல் திணறின. ரகத் தேர்வு சரியாக இருந்தும் தயாரிப்பில் கோட்டைவிட்ட கதை இது.

முட்டையே இல்லாமல் ஹீமக்ளுட்டினின் புரதத்தை மட்டும் தயாரித்துச் செய்யும் ஃப்ளூபிளாக் என்ற ஊசி இங்கேதான் மேலே நிற்கிறது. ஒரு ரகத்துக்கு 45 மைக்ரோகிராம். சாதாரண ஊசியில் 15. அதே 2014-15இல், 50 வயதைத் தாண்டியவர்களிடம் சாதாரண ஊசியோடு ஒப்பிட்டதில், ஃப்ளூ வந்தவர்கள் சுமார் 30 சதவீதம் குறைவு. 65ஐத் தாண்டியவர்களுக்கு 60 மைக்ரோகிராம் உயர் டோஸும் உண்டு. கிடைக்கும் இடத்தில் வயதானவர்கள் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்பதே நல்லது. ‘நாலு ரகம்’ என்று கூடுதல் விலை சொன்னால் மட்டும் மயங்க வேண்டாம். நாலாவதான பி/யமகட்டா என்ற வைரஸ் ரகம் பரவுவது 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகவில்லை.

சென்னை, வேலூரில் ஃப்ளூ உச்சம் அக்டோபர், நவம்பர் மழையில். டெல்லி, புணேயில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். ஆன்டிபாடி உருவாக இரண்டு வாரம் வேண்டும், சில மாதங்களில் பலன் இறங்கவும் தொடங்கும். ஆகவே தமிழ்நாட்டில் புது வடகோளச் சரக்கு வந்ததும் செப்டம்பரில் போடுவது கணக்குக்குச் சரி. காலாவதித் தேதி மிச்சமிருக்கிறதே என்று போன பருவத்துப் பெட்டியை எடுத்துவந்தால் வாங்காதீர்கள். பருவம் அச்சிட்ட வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோனது வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பலன் இருக்காது. போடும் முன் சிரிஞ்சைக் குலுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 0.5 மி.லி., தோள் தசையில். 6 மாதம் முதல் 8 வயது வரையான குழந்தைக்கு முதல் முறை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். பலர் இரண்டாவதைப் போடாமல் விட்டுவிட்டு ஊசி வேலை செய்யவில்லை என்கிறார்கள். கை வலியும் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வரலாம். இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்த முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதய நோயாளிகள் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவுக்குத் தரும் ஓசெல்டாமிவிர் மாத்திரை பிடிப்பது, வைரஸின் நியூராமினிடேஸ் என்ற வேறு புரதத்தை. ஹீமக்ளுட்டினின் மாறியதால் அதன் வேலை கெடுவதில்லை.