வாப்பாவின் ஃபியட்: உள்ளூர் மெக்கானிக்குக்கா, மதுரைக்காரருக்கா?

வாப்பா ஓட்டிய ஃபியட் 1100, இத்தாலிக்காரர்கள் வடிவமைத்து, பம்பாயில் பிரீமியர் கம்பெனி கட்டிய வண்டி. 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். அதை விலைக்கு இரண்டு பேர் கேட்கிறார்கள்.

ஒருவர் எங்கள் கீழக்கரை மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே இன்ஜின் வால்வை இயக்கும் டேப்பெட்டைச் சரி செய்வார். கொடுக்கும் விலை குறைவு, ஆனால் வண்டி தினமும் ஏர்வாடி ரோட்டில் ஓடும், நான் பார்க்கலாம். சிக்கல் உப்புக்காற்றுதான். கதவின் அடி விளிம்பை நகத்தால் சுரண்டினால் பெயிண்டோடு தகடும் செதில் செதிலாகக் கையில் வருகிறது. அவரிடம் ஷெட் கிடையாது, வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.

மதுரைக்காரர் பழைய வண்டிகள் சேர்ப்பவர். விலையும் கூட, மூடிய ஷெட்டும் உண்டு. 50 வயது தாண்டியதால் விண்டேஜாகப் பதியப்போகிறாராம். 2021 விதிப்படி அப்படிப் பதிந்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, இப்படிச் சிலவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். அது மனதை அறுக்கிறது.

ஆனாலும் மதுரைக்கே கொடுக்கிறேன். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் பிரித்து மாட்டலாம், தகடு கரைந்தால் வண்டியே இல்லை. வண்டியைப் பேர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. மதுரை வரை மெக்கானிக் அண்ணனையே ஓட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.