சங்கக் கணக்கைக் கேட்டால் ஒற்றைத் தாளை நீட்டுகிறார்கள்: அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்கள் கவனத்திற்கு

லிஃப்ட் பழுதுபார்ப்புக்கென்று வீட்டுக்கு வீடு தனியாக வசூலித்த பணம் எப்படிச் செலவானது என்பதைப் பார்க்க, எங்கள் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்திடம் நான் எட்டு மாதங்கள் நடக்க வேண்டியிருந்தது.

முதலில் வாய்மொழியாகக் கேட்டது என் தவறு. செயலாளர் சிரித்த முகத்துடன், "பொதுக்குழுவில் பேசிக்கொள்வோம் சார்" என்றார். பொதுக்குழுவில் நேரமில்லை என்றார்கள். பிறகு கோப்புகள் தணிக்கையாளரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அவை திரும்பி வந்த பின்னரோ, மற்றவர்களின் தனிப்பட்ட விவரங்கள் அவற்றில் இருப்பதால் காட்ட இயலாது என்றார்கள். யார் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. ஒப்பந்தக்காரரின் பில்களைத்தான் கேட்டேன். கடைசியில் கைக்கு வந்தது, 'லிஃப்ட் செலவு' என்ற ஒரே வரிக்கு எதிரே ஒரு தொகை போட்ட வரவு செலவுச் சுருக்கம். தணிக்கையாளரே கையெழுத்திட்டிருக்கிறாரே என்று பொருளாளர் வருத்தப்பட்டார். தம்மிடம் தரப்பட்ட சீட்டுகளைப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பவர், லிஃப்ட் இயந்திர அறைக்கு ஏறிப்போய் புதிய கம்பிவடம் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அதன் பிறகுதான், சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் துணைவிதிகளைப் படித்தேன் (வீடு வாங்கிய நாளிலேயே படித்திருக்க வேண்டும்). எந்தக் காலத்துக்குரிய வங்கிக் கணக்கு அறிக்கை, எந்த வேலைக்கான பில்கள், விலைப்புள்ளிகள் (வேலைக்கு முன் ஒப்பந்தக்காரர்கள் எழுதித் தரும் விலை), எந்தக் கூட்டத்தின் தீர்மானப் பதிவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி, இன்னும் மூன்று உரிமையாளர்களின் கையெழுத்துடன் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். 'எல்லாக் கணக்கும் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் இன்னொரு சுருக்கத்தாளைத்தான் தந்திருப்பார்கள்.

அரை மணி நேரம், படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் கோப்பைத் திறந்தார்கள். ஒரே வேலைக்கு மூன்று பில்கள். ஒவ்வொன்றும், விலைப்புள்ளி கேட்டாக வேண்டிய வரம்புக்குச் சற்றே கீழே. அவற்றின் எண்கள் 41, 42, 43. தேதிகளுக்கு இடையிலோ மாதக்கணக்கில் இடைவெளி. அத்தனை மாதங்களில் அந்த ஒப்பந்தக்காரருக்கு எங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை போலும்! அவசரச் செலவுக்கென்று வைத்திருந்த வைப்புத்தொகை முதிர்வுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்ததையும் வங்கி அறிக்கைதான் காட்டிக்கொடுத்தது. அதற்கான தீர்மானம் பதிவேட்டில் இல்லை. இதை வைத்து யாரையும் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதில் எதுவுமே அந்த ஒற்றைத் தாளில் தெரிந்திருக்காது.

இந்த முரண்களைப் பட்டியலிட்டு நிர்வாகக் குழுவுக்கும், சங்கம் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறோம். விலைப்புள்ளிக் கோப்பு மட்டும் இன்னும் தேடப்பட்டு வருவதாகச் செயலாளர் தெரிவித்திருக்கிறார்.