ஹட்டன் ஈரத்துக்கு எது சரி: மெஷினா, ஃபேனா, மண்வெட்டியா?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கிறோம். ஆடி மாதம் எங்கள் வீட்டு அலுமாரியின் பின்பலகையைத் தடவினால் விரலில் சாம்பல் நிற மாவு ஒட்டும். பூஞ்சணம். அம்மாவின் கூறைச் சேலையில் கடுகளவாகத் தொடங்கிய புள்ளி போன வருடம் மடிப்பு முழுக்கப் பரவிவிட்டது. அன்றைக்குத்தான் ஈரம் இழுக்கும் மெஷின் வாங்கப் புறப்பட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

கடைகளில் அதிகம் கிடைப்பது கம்பிரஷர் வகை. ஃப்ரிஜ் மாதிரித்தான்: உள்ளே ஒரு குளிர்ந்த சுருள், அதில் பட்ட காற்றின் ஈரம் தண்ணீராகிச் சொட்டும். பெட்டியில் 'நாளுக்கு 10 லீட்டர்' என்று போட்டிருந்தது. அந்த அளவு 30 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதத்தில்தான் என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது இராத்திரியில் எங்கள் அறை 16 பாகைக்கு மேல் ஏறாது. அந்தக் குளிரில் சுருளில் பனிக்கட்டி பிடிக்கிறது. அதை உருக்க மெஷின் அடிக்கடி நின்றுவிடுகிறது. விடிய எழும்பிப் பார்த்தால் வாளியில் இரண்டு டம்ளர் தண்ணீர்.

குளிருக்கு ஏற்றது சக்கர வகை. ஈரத்தைப் பிடிக்கும் கனிமம் பூசிய சக்கரம் மெதுவாகச் சுற்றும். ஒரு பக்கம் சூடாக்கி அந்த ஈரத்தை வெளியேற்றும். பனிக்கட்டிப் பிரச்சினை இல்லை, அறையும் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். ஆனால் கரண்ட் தின்னும். 250 வாட் கம்பிரஷரை நாளுக்கு 8 மணித்தியாலம் ஓட்டினால் மாதம் 60 யூனிட். 600 வாட் சக்கரம் என்றால் 144. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினாலே கட்டண வகுப்பு மாறுகிற நாட்டில் இது சின்ன விசயமில்லை. புதிதாக மெஷின்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு நான் சக்கரத்தைத்தான் சொல்வேன், அதுவும் படுக்கையறைக்கு மட்டும். ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட் உப்பு போட்ட சின்ன டப்பாக்கள் அலுமாரிக்குப் போதும். அறைக்கு வைத்தால் கடலில் கரைத்த பெருங்காயம். காற்றுச் சுத்திகரிப்பான் தூசியையும் புகையையும் பிடிக்கும், ஈரத்தைத் தொடாது.

சரி, இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? வெளி மழையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரை லீட்டருக்கு மேல் நீராவி பிறக்கும். 12.5 கிலோ சிலிண்டர் முடியும்போது ஏறக்குறைய 20 லீட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும், சோறு வடித்த ஆவி தனி. மழை நாளில் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) இடமில்லாமல் உள்ளே கொடி கட்டிக் காயவைக்கும் உடுப்பின் ஈரமும் அதே காற்றுக்குத்தான் போகிறது.

அதனால் குசினிச் சுவரில் ஓர் எக்ஸ்ஹோஸ்ட் ஃபேன். 'வெளியில் மிஸ்ட் மூடியிருக்க, அந்தக் காற்றை உள்ளே இழுத்து என்ன லாபம்?' என்று அப்பா கேட்டார். தேயிலைப் பெக்டரியில் வேலை பார்த்தவர் கேட்கிற கேள்வியா அது! மழைக்காலத்தில் கொழுந்து வாட்டும்போது தொட்டிக்குக் கீழே சூடான காற்றை ஏன் விடுகிறார்கள்? 15 பாகையில் ஈரம் நிறைந்த காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 75 வீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அடுப்பு எரிந்து வீடு சூடாக இருக்கும் நேரத்திலும், அது முடிந்து அரை மணி வரைக்கும் ஃபேனைப் போட்டால் ஆவி வெளியே போகும், பதிலுக்கு உள்ளே வரும் காற்றும் இப்படிச் சூடாகி உலரும். வீடு குளிர்ந்த பிறகு ஜன்னலைத் திறந்துவைப்பதுதான் வீண். பூஞ்சணத்தை அடக்க ஈரப்பதம் 60 வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அடை மழையில் ஃபேனால் மட்டும் அங்கே இறங்காது, ஆனால் 90-இல் நிற்கவும் விடாது.

விறகு அடுப்புக்காரர்கள் 'புகைக்குப் பூஞ்சணம் வராது' என்பார்கள். உலர்த்துவது சூடு, புகையில்லை; புகை நெஞ்சுக்குள் போகிறது, புகைபோக்கி கட்டியே ஆக வேண்டும். மூடிய அறைக்குள் தணல் சட்டி வைப்பதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். அதில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

கடைசியாக மண்வெட்டி. மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும், தோட்டத் தொழிலாளரின் லயத்து வரிசை வீடுகளிலும் இதே கதைதான். எங்கள் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுத்த கோடு இருந்தது. சுவரோரம் சரிந்த மண்ணை வாரி, தரைமட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தண்ணீர் ஓடக் கான் வெட்டினோம், இரண்டு ஞாயிறு வேலை. உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம், சுவரின் ஈரம் வெளியேற அதுதான் வழி விடும். அடுத்த மழைக்குக் கோடு கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. செலவு சுண்ணாம்புக்கு மட்டும். எனக்கு முதலிடம் இதற்குத்தான், அடுத்தது ஃபேன். பண்டாரவளைப் பக்கம் கதை வேறு. நாங்கள் நனையும் மாதங்களில் அங்கே கச்சான் என்கிற வறண்ட காற்று காயவைத்துவிடும். அவர்களுக்கு ஈரத் தொல்லை ஆண்டுக் கடைசியில்தான்.

கம்பிரஷர் மெஷினை, கொழும்புக்குப் பக்கத்தில் வெக்கையான வத்தளையில் இருக்கும் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே நாள்தோறும் வாளி நிரம்புகிறதாம்.