கதிர்ப்பெட்டியும் அரைவட்ட அக்ரிலிக்கும்: கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளோடு என் அனுபவம்

கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்த, எல்.இ.டி. கதிர்ப்பெட்டி (மெல்லிய ஒளிக்கதிர்களைத் தாளின் மேல் பாய்ச்சும் பெட்டி) ஒன்றையும் அதோடு வந்த அக்ரிலிக் எனும் தெளிந்த பிளாஸ்டிக் துண்டுகளையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு உதவிய வேறு கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

புத்தகப் படத்தில் எல்லாமே கோடுதான். இடம் வலம் பிரிப்பதில் தடுமாறும் பிள்ளைக்கு எது கதிர், எது ஆடி என்பதே பிடிபடாது. பெட்டியைப் போட்டால் வெளிச்சம் தாளின் மேலேயே ஓடுகிறது. அதன் மேல் புள்ளிகள் வைத்து, பெட்டியை அணைத்துவிட்டுப் புள்ளிகளைச் சேர்த்தால் கதிர்ப்படம் தயார். மனப்பாடம் தேவையில்லை.

சிக்கல் கோணத்தில்தான். கதிர் படும் இடத்தில் ஆடிக்குச் செங்குத்தாக வரையும் செங்குத்துக்கோட்டை விட்டுவிட்டு ஆடியிலிருந்து அளப்பார்கள். 30 பாகை 60 ஆகிவிடும். இரண்டு பக்கமும் 60 வருவதால் எதிரொளிப்பு விதி (வரும் கோணமும் திரும்பும் கோணமும் சமம்) சரியாகவே தோன்றும், பிழை வெளியே தெரியாது. ஒளி வேறு பொருளுக்குள் போகையில் வளையும் ஒளிவிலகலுக்குப் போகும்போது எல்லாம் முட்டும். அதனால் செங்குத்துக்கோட்டில் 0 தொடங்கும் கோண அளவுத் தாளை முன்பே அச்சிட்டு ஆடிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். சிவப்பு, பச்சை என நிறத்தை மட்டும் நம்புவதில்லை. சிலருக்கு அந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆடியில் வந்து விழும் படுகதிருக்கு முழுக்கோடு, எதிரொளித்த கதிருக்கு விட்டு விட்டு வரும் கோடு.

தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்தது அரைவட்டத் துண்டு. வளைந்த பக்கம் வழியாக மையத்தை நோக்கிக் கதிரை அனுப்பினால் அங்கே அது வளையாது. தட்டையான பக்கத்தில் மட்டுமே வளையும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்! துண்டை மெல்லத் திருப்பினால் வெளியேறும் கதிர் அந்தப் பக்கத்தை ஒட்டிப் படுத்து, சுமார் 42 பாகையில் மறைந்து, ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். சைன் கணக்கைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைகள்கூடத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். அப்புறம்தான் ‘முழு அக எதிரொளிப்பு’ என்ற பெயரைச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. அக்ரிலிக் சீக்கிரம் கீறிவிடும், கதிர் மங்கும். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அறையை இருட்டாக்க வேண்டும், சில பிள்ளைகள் அதற்குப் பயப்படுவார்கள்; திரையை அரைவாசி இழுத்தாலே போதும். லேசர் மட்டும் வேண்டவே வேண்டாம். கை நிலையாக நிற்காத பிள்ளைகள் நடுவே கண்ணில் பட எவ்வளவு நேரமாகும்?

வாங்குவதாக இருந்தால் ஒற்றைக் கதிருக்கும் மூன்று கதிருக்கும் பிளவுத் தட்டு (வெளிச்சத்தைக் கதிர்களாக்கும் மெல்லிய பிளவுகள் உள்ள தட்டு) இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து கதிர் இவர்களைக் குழப்பும்.