ரேக்குல ஒரு விலை, பில்லுல ஒரு விலை: எங்க ஏரியா சூப்பர் மார்க்கெட்

பொருள் நல்லா இருக்கு, பில்லிங் மோசம். 5க்கு 2 ஸ்டார். அவசரத்துல இருக்கவங்க இதோட கிளம்பலாம், மாச சாமான் இந்த மாதிரி கடைல வாங்குறவங்க மட்டும் மேல படிங்க. தாம்பரம் பக்கம் இருக்க கடை, பேரு போடல, ஏன்னா இதே கூத்து வேற கடைங்கள்லயும் நடக்குதுன்னு தான் சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க.

நல்லத முதல்லயே சொல்லிடறேன். துவரம்பருப்பு, உளுந்து எல்லாம் கல்லு மண்ணு இல்லாம சுத்தமா இருக்கும், அரிசி கைல அள்ளி பாத்து வாங்கலாம், காலைலயே போனா கீரை வாடாம கிடைக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்கு. அவ்வளவுதான் நல்லது.

என் பிரச்சனையே ரேக்குல ஒட்டி இருக்க விலை சீட்டு தான். நல்லெண்ணெய் ஒரு லிட்டர் 349னு மஞ்சள் சீட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு, எடுத்துட்டு வந்து பில் போட்டா 385. என்னம்மா இதுன்னு பில் போடற பொண்ண கேட்டா "சிஸ்டத்துல இப்படித்தான்க்கா வருது". அந்தப் பொண்ணு பொய் சொல்லல. பாக்கெட்டுல இருக்க பார்கோடுல விலையே கிடையாது, நம்ம ஊரு பொருள்ல பெரும்பாலும் 890னு ஆரம்பிக்கும் பாருங்க, அந்த நம்பர் இது என்ன பொருள்னு மட்டும் தான் சொல்லும், விலை இருக்கறது கடையோட கம்ப்யூட்டர்ல. ஆஃபர் முடிஞ்சா கம்ப்யூட்டர்ல ராத்திரியோட ராத்திரியா விலை ஏறிடும், ஆனா ரேக்குல இருக்க சீட்ட ஒரு ஆளு வந்து கையால கிழிச்சு மாத்தணும், அந்த ஆளு தான் வரவே மாட்டேங்கறாரு. சரி ஆள் பத்தாக்குறைன்னு விட்டுடலாம், ஆனா இந்த மறதி ஏன் எப்பவும் நம்ம பர்ஸு பக்கமே சாயுது? ரேக்குல 385 போட்டிருந்து பில்லுல 349 வந்துச்சுன்னு யாராவது சொல்லி நான் கேட்டதே இல்ல.

இதுல பெரிய கடுப்பு என்னன்னா அந்த எண்ணெய்யோட எம்ஆர்பி 410, அதனால பில்லுல "நீங்கள் சேமித்தது 25 ரூபாய்"னு கணக்கு சேத்து காட்டுறாங்க. சீட்டுல போட்ட விலைய விட 36 ரூபாய் கூட வாங்கிட்டு நமக்கே மிச்சம்னு சொல்றாங்க. சூப்பர்வைசர்கிட்ட போனா "எம்ஆர்பிக்கு கம்மியா தானே மேடம் போட்டிருக்கோம்"னு ஒரே பதில். எம்ஆர்பிங்கறது இதுக்கு மேல விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்ட கோடு, அவ்வளவுதான். அதுக்கு கீழ எந்த விலைய வேணா சொல்லி கூப்பிட்டு வேற விலை வாங்கலாம்னு யாரும் அனுமதி குடுக்கல. விலை விஷயத்துல ஜனங்கள தப்பா நம்ப வைக்கறதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நியாயமில்லாத வியாபாரம் தான்.

சரி, பில் போடும்போதே கவனிச்சு கேட்டிருக்கலாமேன்னு நினைப்பீங்க. எங்க கவனிக்கறது? ஸ்கிரீன் அந்தப் பொண்ணு பக்கம் திரும்பி இருக்கு. எட்டு கவுன்டர் இருந்தா மூணு தான் திறந்திருக்கும், பின்னாடி பத்து பேரு வண்டிய நம்ம கணுக்கால்ல இடிச்சுட்டு நிப்பாங்க, பீப் பீப்னு ஓடிட்டே இருக்கும், நாம ஒரு பக்கம் பைல அடுக்கணும் இன்னொரு பக்கம் விலைய பாக்கணும். பாத்து கேட்டாலும் ஸ்கேன் பண்ணினத அந்தப் பொண்ணால எடுக்க முடியாது, சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்ட் போடணும், அவரு வேற எங்கயோ மூணாவது ஃப்ளோர்ல இருப்பாரு. பின்னாடி நிக்கறவங்க எல்லாம் உச்சு கொட்டுவாங்க, நாம "பரவால்ல விடும்மா"ன்னு சொல்லிடுவோம். இப்படி சொல்ல வைக்கறதுக்குன்னே செட் பண்ணி வெச்ச மாதிரி இருக்கு.

பில் போடற பிள்ளைங்க மேல எனக்கு கோபமே இல்ல, அவங்க நிக்கறத பாத்தாலே பாவமா இருக்கு. கடைல வேலை பாக்கறவங்க உக்கார இருக்கை குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டத் திருத்தம் வந்தாச்சு, இங்க ஸ்டூல் இருக்கு, அது மேல கேரி பேக் கட்டு தான் உக்காந்திருக்கு.

கேரி பேக்னு சொன்னதும் ஞாபகம் வருது. வாசல்ல நம்ம பைய வாங்கி டோக்கன் குடுத்துடறாங்க, உள்ள கொண்டு போகக்கூடாதாம். பில் போட்டு முடிச்சதும் "பை வேணுமாக்கா, 12 ரூபாய்". பிளாஸ்டிக் பைய 2019 ஜனவரிலயே தடை பண்ணி, 2021ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கமே திட்டம் போட்டு பை எடுத்துட்டு போங்கன்னு சொல்லுது, எடுத்துட்டு போனா வாசல்லயே பிடுங்கி வெச்சுக்கறாங்க. முன்கூட்டியே சொல்லாம பணம் கட்டற இடத்துல வெச்சு பைக்கு காசு கேக்கறது தப்புன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பர்ல ஒரு வழக்குல தெளிவா சொல்லியிருக்கு. இங்க முன்கூட்டியே சொல்றதுன்னா கார்டு தேய்க்கற மிஷினுக்கு பின்னாடி ஒரு துண்டு சீட்டு.

அடுத்தது போன் நம்பர். நம்பர் சொன்னா தான் பில் நகருமாம். பில் போட நம்பர் கேட்டு கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் துறையே கடைங்களுக்கு சொல்லிடுச்சு. அத சொன்னா "அப்போ மெம்பர் விலை வராதுக்கா"ங்கறாங்க. அதாவது நிறைய சீட்டுல பெருசா இருக்கறது மெம்பர் விலை, சாதா விலை கீழ எறும்பு சைஸுல. நம்பர் குடுத்தா ராத்திரி பத்து மணிக்கு பட்டுப்புடவை ஆஃபர்னு மெசேஜ் வரும், குடுக்கலன்னா எண்ணெய் விலை ஏறும், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைச்சாங்க இல்லையா, சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 18ல இருந்து 5 சதவீதத்துக்கு வந்துச்சு. கணக்கு சிம்பிள், வரியோட 118 ரூபாய்க்கு வித்த பொருள் 105க்கு வரணும். இங்க பேஸ்ட் விலை குறைஞ்சது, ஆனா ஷாம்பு பழைய விலையிலயே ஓடிட்டு இருந்துச்சு, பில் அடில மட்டும் 2.5ம் 2.5ம் சேத்து 5 சதவீதம்னு புது வரி அச்சாகி இருந்துச்சு. வரி குறைஞ்சும் மொத்த விலை அப்படியே நின்னா நடுவுல வரி சேக்கறதுக்கு முந்தின விலைய யாரோ ஏத்திட்டாங்கன்னு தானே அர்த்தம்? கம்பெனியா கடையான்னு கேட்டா அவங்க இவங்கள கை காட்டுறாங்க. பில்லோட அந்த வரி கட்டத்த யாரும் பாக்கறதில்ல, பாருங்க, வேடிக்கையா இருக்கும்.

ரிட்டர்ன் பத்தி ஒரே வரி: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு போர்டு இருக்கு, ஆனா பழுதான பொருளுக்கு அது செல்லாது, பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள் வரைக்கும் திருப்பி எடுத்துக்கணும்னு அதே 2019 சட்டம் சொல்லுது.

நான் இப்ப பண்றது இதுதான். ஆஃபர்னு எது எடுத்தாலும் ரேக் சீட்ட போன்ல போட்டோ எடுத்துக்கறேன், பில் வந்ததும் கவுன்டர விட்டு நகராம ஓரமா நின்னு பாக்கறேன், ஏன்னா வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் பில்லுல ஓட்டை போட்டுட்டா அப்புறம் கஸ்டமர் சர்வீஸ்ல "வெளிய போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் மேடம்"ங்கறாங்க. போட்டோ காட்டினா பேசாம வித்தியாசத்த திருப்பி குடுத்துடறாங்க, அப்படின்னா தப்புன்னு அவங்களுக்கும் தெரியுது. குடுக்கலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்ல வெயில்ல, கார்ல போட்டு வைக்காதீங்க, அந்த பேப்பர்ல எழுத்து சீக்கிரம் அழிஞ்சு போயிடும், அதையும் போட்டோ எடுத்துடுங்க.

இதுக்கு பேசாம தெருமுனை அண்ணாச்சி கடைக்கே போலாமேன்னு எங்க மாமியார் சொல்றாங்க. போலாம் தான், ஆனா அவரு பில்லே தர மாட்டாரு, சில்லறைக்கு பதிலா மிட்டாய் குடுப்பாரு, பிஸ்கட் தேதி பாத்து தான் வாங்கணும். அதனால பருப்பு, அரிசி, கீரை இந்தக் கடையிலயே வாங்கறேன், மஞ்சள் சீட்டு ஒட்டின பொருள் பக்கம் மட்டும் அவ்வளவா போறதில்ல.

கடைக்காரங்க யாராவது இத படிச்சா ஒரு வேண்டுகோள். எண்ணெய் ரேக் பக்கத்து தூண்ல "விலையை நீங்களே சரிபார்க்கவும்"னு ஒரு ஸ்கேனர் மாட்டி வெச்சிருக்கீங்க, அதுக்கு இன்னும் வயரே குடுக்கல. அத குடுங்க, கவுன்டர் ஸ்கிரீன எங்க பக்கம் திருப்பி வைங்க, நானே வந்து 4 ஸ்டாருக்கு மாத்தறேன்.